பள்ளி விட்ட பின் மூன்று மணி நேரம்: வளரிளம் பருவத்தினருக்கு மாலை நேர மனநலச் சிகிச்சை தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மாணவர் தற்கொலை பற்றிய செய்தி வரும்போதெல்லாம் அதன் அடியில் கட்டம் கட்டி, மாநிலச் சுகாதார உதவி எண் 104, தொலைபேசி வழி மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416, தற்கொலைத் தடுப்புக்காகப் பணியாற்றும் சென்னை சினேகா அமைப்பின் எண் ஆகியவற்றைத் தங்கள் நாளிதழும் பிற நாளிதழ்களும் வெளியிட்டு வருகின்றன. அந்த எண்களால் பல பிள்ளைகள் ஓர் இரவைக் கடந்திருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அழைத்த பிள்ளைக்கு மறுநாள் தொடங்கி அடுத்த மூன்று மாதங்களுக்கு என்ன சிகிச்சை, அதை எங்கே, எந்த நேரத்தில் பெறுவது என்ற கேள்விக்கு நம் மாவட்டங்களில் சரியான விடை இல்லை. அரசு மேல்நிலைப் பள்ளிகளில் நெடுங்காலம் பணியாற்றி, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள் என்ற முறையில் இதைப் பற்றி எழுதுகிறேன்.

இன்று ஒரு பெற்றோருக்கு முன் இருப்பவை இரண்டே வழிகள். ஒன்று, புறநோயாளிப் பிரிவு: காலையில் பள்ளிக்கு விடுப்பு எடுத்து, சீட்டுப் போட்டு, வரிசையில் நின்று, மருத்துவரைச் சில நிமிடங்கள் பார்த்து, மாத்திரை வாங்கிக்கொண்டு, இரண்டு மூன்று வாரம் கழித்து வரச் சொன்ன தேதியைக் குறித்துக்கொண்டு திரும்புவது. மற்றொன்று வார்டு. பதினெட்டு வயது நிறையாதவரை விதிவிலக்கான சூழலில் மட்டுமே மனநல மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 87ஆம் பிரிவு சொல்கிறது. பெரியவர்களிடமிருந்து தனியாகத் தங்கவைக்க வேண்டும், குடும்பத்தவரோ நியமிக்கப்பட்ட உதவியாளரோ உடன் இருக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. சட்டம் சொல்வது முற்றிலும் சரி. ஆனால் உறக்கம் கெட்டு, உணவு குறைந்து, பள்ளிக்கு வர மறுத்து, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளத் தொடங்கியிருக்கும் ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு, சில வாரங்களுக்கு ஒருமுறை கிடைக்கும் மாத்திரை போதாது. அந்தப் பிள்ளையை வார்டில் சேர்க்க வேண்டிய அவசியமும் பெரும்பாலும் இருப்பதில்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட படி ஒன்று வேண்டும். அது நம் ஊர்களில் இல்லை.

பள்ளியில் அந்தப் படியை நாங்களே ஈடுகட்ட முயன்றோம் என்று சொல்வதற்கில்லை. தலைமையாசிரியர் அறையில் கவுன்சலிங் என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் அறிவுரை. அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போகும் பிள்ளை, அடுத்த முறை நம்மிடம் எதையும் சொல்லாமலிருக்கக் கற்றுக்கொள்கிறது.

அமெரிக்காவில் இந்த இடைப்பட்ட படிக்குத் தீவிரப் புறநோயாளிச் சிகிச்சை என்று பெயர். அங்கு வளரிளம் பருவத்தினருக்கான மையங்கள் பெரும்பாலும் பள்ளி விடும் நேரத்தை ஒட்டியே இயங்குகின்றன. மாணவர் காலையில் வழக்கம்போல் பள்ளிக்குச் செல்கிறார். மாலை நான்கு மணி வாக்கில் மையத்துக்கு வந்து, மூன்று மணி நேரம் இருந்துவிட்டு, இரவு உணவுக்கு வீடு திரும்புகிறார். வாரத்தில் மூன்று நாட்கள் அல்லது அதற்குச் சற்றுக் கூடுதலாக, ஏறத்தாழ எட்டிலிருந்து பன்னிரண்டு வாரங்கள் இது நடக்கும். வாரத்துக்கு ஒன்பது மணி நேரம் என்பது பொதுவான அளவு. மருத்துவமனையிலிருந்து வெளிவந்த பிள்ளை படிப்படியாக இயல்பு வாழ்க்கைக்குத் திரும்பவும், வாரம் ஒருமுறை ஆலோசகரைப் பார்த்தும் தேறாத பிள்ளை வார்டுக்குப் போகும் நிலை வராமல் தடுக்கவும் இதே ஏற்பாடு பயன்படுகிறது. முதல் வகையினரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்: மனநல வார்டிலிருந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்களே தற்கொலை ஆபத்து மிகுந்த காலம் என்பது பல நாடுகளில் உறுதி செய்யப்பட்ட உண்மை. நம் வழக்கப்படி, அந்த வாரங்களில்தான் பிள்ளையின் கையில் ஒரு சீட்டைக் கொடுத்து, மாதம் கழித்து வரச் சொல்லி அனுப்புகிறோம்.

அந்த மூன்று மணி நேரத்தில் என்னதான் செய்கிறார்கள் என்று கேட்கலாம். ஏழெட்டுப் பேர் கொண்ட குழுவாக அமர்ந்து பேசுவதும் பயிற்சி பெறுவதும் அதில் பெரும்பகுதி. வாஷிங்டன் பல்கலைக்கழக உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கி, பின்னர் வளரிளம் பருவத்தினருக்கென மாற்றியமைக்கப்பட்ட டி.பி.டி. (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி) என்ற பேச்சுவழிச் சிகிச்சை முறையைப் பல மையங்கள் பின்பற்றுகின்றன. பிள்ளை தன் மனநிலை, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளத் தோன்றிய நேரம், அப்போது என்ன செய்தது, மாத்திரை எடுத்ததா இல்லையா ஆகியவற்றை நாள்தோறும் ஓர் அட்டையில் குறித்து வருகிறது. விபரீதமாக ஏதேனும் நடந்திருந்தால், காலையில் எழுந்தது முதல் அந்த நிமிடம் வரை நடந்தவற்றைச் சங்கிலியின் கண்ணிகள்போல் ஒவ்வொன்றாக எடுத்து, எந்த இடத்தில் வேறு மாதிரி நடந்திருக்கலாம் என்று ஆலோசகருடன் சேர்ந்து பார்க்கிறது. கொந்தளிப்பைத் தாங்கும் வழிகள், நண்பரிடம் மறுத்துப் பேசும் விதம், அறையைச் சாத்திக்கொள்ளத் தோன்றும்போது வேண்டுமென்றே வெளியே வருவது போன்ற சிறு சிறு திறன்களைச் சொல்லித் தந்து, நடித்துப் பார்க்கச் செய்து, வீட்டில் முயன்றுவரச் சொல்கிறார்கள். வாரத்தில் ஒரு முறையேனும் தனி அமர்வு உண்டு. மனநல மருத்துவர் மருந்தை அவ்வப்போது சரிபார்ப்பார். வீட்டுப்பாடத்துக்குச் சிறிது நேரம் ஒதுக்கும் மையங்களும் உள்ளன.

இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பெற்றோருக்கான அமர்வு. டி.பி.டி. முறையில் பல குடும்பங்கள் ஒரே அறையில் அமர்ந்து, பிள்ளைகள் கற்கும் அதே திறன்களைத் தாங்களும் கற்கின்றன. மதிப்பெண் பற்றிய கேள்வியை எப்போது கேட்கக் கூடாது, பிள்ளை அழும்போது உடனே தீர்வு சொல்லாமல் எப்படிக் கேட்பது, வீட்டில் ஆபத்தான பொருட்களை எப்படிப் பூட்டி வைப்பது என்பன அங்கே பாடங்கள். கடைசியாகச் சொன்னது நம் வேளாண் குடும்பங்களுக்கு எவ்வளவு அவசியம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதிக் கிராமங்களில் பூச்சிமருந்துகளைப் பொதுக் கிடங்கில் பூட்டி வைக்கும் ஏற்பாட்டைச் சினேகாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

இந்த ஏற்பாட்டின் வலிமையைப் பெரிதுபடுத்த நான் விரும்பவில்லை. மையத்தில் செய்யப்படும் தீவிரப் புறநோயாளிச் சிகிச்சையை வேறு சிகிச்சைகளோடு முறையாக ஒப்பிட்ட ஆய்வுகள் குறைவு. பெரும்பாலானவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அளந்து பார்த்தவை மட்டுமே. அதன் உள்ளடக்கமான டி.பி.டி.க்கு உள்ள ஆதாரம் அதைவிட உறுதியானது. நார்வேயின் ஓஸ்லோ நகரில் தம்மைத் திரும்பத் திரும்பக் காயப்படுத்திக்கொண்ட 77 வளரிளம் பருவத்தினரிடம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், 19 வாரம் இச்சிகிச்சை பெற்றவர்களிடம் அந்தப் பழக்கம் வழக்கமான சிகிச்சை பெற்ற மற்றவர்களைவிடக் கூடுதலாகக் குறைந்தது. அங்கே அளித்ததும் பள்ளியை விட்டு நிறுத்தாத புறநோயாளிச் சிகிச்சைதான். உயிருக்கு உடனடி ஆபத்து உள்ளவர், கடுமையான மனச்சிதைவு நிலையில் இருப்பவர், உணவு மறுத்து உடல் மிகவும் நலிந்தவர் ஆகியோருக்கு இது ஏற்றதல்ல. அவர்களுக்கு வார்டே வேண்டும்.

அமெரிக்காவைப் பார்த்து அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதும் என் வாதம் அல்ல. அங்கு இது பெரிதும் லாப நோக்குள்ள நிறுவனங்களின் தொழிலாகவும் ஆகிவிட்டது. காப்பீட்டு நிறுவனம் அனுமதித்த அமர்வுகள் தீர்ந்ததும் சிகிச்சை நிற்பதும், கார் இல்லாத குடும்பத்துப் பிள்ளை மையத்தை எட்டவே முடியாததும் அங்கு வாடிக்கை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை கால அளவும் நேரமும் மட்டுமே: வாரத்தில் பல நாட்கள், சில மாதங்கள், பள்ளி விட்ட பின்.

இதற்கான அடித்தளம் நம்மிடம் இல்லாமல் இல்லை. நோயாளியின் குடும்பத்தாரையும் உடன் தங்கவைத்து, அவர்களையும் சிகிச்சையில் பங்கேற்கச் செய்யும் வழக்கத்தை வேலூர் பாகாயத்தில் உள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மனநல மையம் 1950களிலிருந்தே வளர்த்து வந்திருக்கிறது. வளர்ச்சிக் குறைபாடு உள்ள சிறு குழந்தைகள் பேச்சுப் பயிற்சிக்கும் இயன்முறைச் சிகிச்சைக்கும் மீண்டும் மீண்டும் வந்து போகவும், தாய்மார்கள் அப்பயிற்சியைக் கற்று வீட்டில் தொடரவும், மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களை அரசே நடத்துகிறது. மாலை நேரத்தில் பிள்ளைகளைத் திரட்டி ஏதேனும் செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்கு, 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் மாலை ஐந்து மணிக்கு மேல் தெருத் தெருவாக வகுப்பு நடத்தியதை நினைவூட்டலாம்.

நம் மக்கள் இத்தனை நாள் தொடர்ந்து வரமாட்டார்கள் என்று மருத்துவ நண்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இதை நான் ஏற்பதில்லை. ஒரு மண்டலம் பத்தியம் இருந்து மருந்து குடிக்கும் வழக்கமும், மனநோய் கண்டவரை அழைத்துக்கொண்டு குணசீலம் பெருமாள் சன்னதியில் நாற்பத்தெட்டு நாள் தங்கும் வழக்கமும் உள்ள ஊர் இது. ஒரே நாளில் தீராத நோய் உண்டு என்பதை நம் தாய்மார்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர்கள் வராமல் போவதற்குக் காரணம் பொறுமையின்மை அல்ல. காலை பத்து மணிக்கு வரச் சொல்வதும், ஒவ்வொரு முறையும் ஒருநாள் கூலியை இழக்க வைப்பதும், வந்த பிறகு ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடுவதும்தான்.

நடைமுறையில் இடிக்கும் விஷயங்கள் வேறு. முதலாவது பள்ளியே. பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் மாலையில் சிறப்பு வகுப்பு நடத்தாத பள்ளி அரிது, நானும் நடத்தியவள்தான். சிகிச்சைக்குச் செல்லும் மாணவரை அந்த வகுப்புகளிலிருந்து விடுவிக்க வேண்டும் என்றும், அதற்காக வருகைப் பதிவிலோ செய்முறை மதிப்பெண்ணிலோ குறைவு வரக் கூடாது என்றும் பள்ளிக் கல்வித் துறை எழுத்துப்பூர்வமாகச் சுற்றறிக்கை அனுப்பினாலன்றி எந்தத் தலைமையாசிரியரும் துணிய மாட்டார். பள்ளிக்குத் தெரிய வேண்டியது மாணவர் எந்தெந்த நாளில் எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்பது மட்டுமே. நோயின் பெயர் பள்ளிப் பதிவேட்டில் ஏறக் கூடாது. ஆசிரியர் ஓய்வறையில் ஒரு பிள்ளையின் ரகசியம் எவ்வளவு நேரம் தங்கும் என்பதை அறிந்தே இதைச் சொல்கிறேன்.

இரண்டாவது, இடம். 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப் பெயரே நம்மிடையே வசைச்சொல்லாகிவிட்ட நிலையில், மனநலப் பிரிவு என்று பலகை மாட்டிய கட்டடத்துக்குள் ஒரு பதினைந்து வயதுப் பெண் வாரத்தில் மூன்று மாலை நுழைவதை அவள் வீட்டார் அனுமதிப்பார்கள் என்று எதிர்பார்ப்பது கடினம். மருத்துவமனை வளாகத்தில் குழந்தைகள் பிரிவையொட்டிய அறைகளிலோ, மருத்துவமனைக்கு அருகில் உள்ள அரசுப் பள்ளியிலோ, வளரிளம் பருவ நல மையம் என்ற பெயரில் இதை நடத்தலாம். மாலை நேரப் பாலிகிளினிக்குகள் உள்ள நகரங்களில் அவற்றோடு இணைக்கலாம்.

மூன்றாவது, போக்குவரத்து. மாணவருக்கான இலவசப் பேருந்து அட்டை வீட்டிலிருந்து பள்ளிக்கும் பள்ளியிலிருந்து வீட்டுக்கும்தான் செல்லும். உடன் வரும் தாய்க்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை, மகனுக்கு உண்டு. ஓர் உத்தரவால் தீரக்கூடிய சிக்கல் இது. இரவு எட்டு மணிக்கு மேல் பேருந்து இல்லாத கிராமங்களுக்கு அப்படித் தீராது. அங்கே சனிக்கிழமை முழு நாளும் வார நாளில் ஒரு மாலையும் என்று பிரிக்க வேண்டியிருக்கும். மருத்துவமனையை ஒரே நாளில் மூன்று பேருந்து மாறி அடைய வேண்டிய மலைக் கிராமங்களுக்குத் தொலைபேசி வழி அமர்வுகளையும் சேர்த்தாக வேண்டும்.

ஆட்கள் எங்கே என்பதே எல்லாவற்றிலும் கடினமான கேள்வி. இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. ஆனால் இச்சிகிச்சையில் மருத்துவரின் நேரம் குறைவாகவே தேவைப்படுகிறது. சுமையைத் தாங்குபவர்கள் மருத்துவ உளவியலாளரும் மனநலச் சமூகப் பணியாளரும் மனநலச் செவிலியரும்தான். 1996இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்தில் இப்பணியிடங்கள் முன்பே உண்டு. எட்டுப் பேர் கொண்ட குழு, வாரம் மூன்று மாலை, பத்து வாரம் என்று வைத்துக்கொண்டால், திங்கள் புதன் வெள்ளியில் ஒரு குழுவும் செவ்வாய் வியாழன் சனியில் மற்றொரு குழுவுமாக ஒரு மையம் ஆண்டில் ஐந்து சுற்றுகளில் எண்பது பிள்ளைகளைப் பார்க்கலாம். 38 மாவட்டங்களிலும் ஒரு மையம் இருந்தால் அது மூவாயிரத்தைத் தாண்டும். தேவையோடு ஒப்பிட்டால் இது சிறு தொகை என்பதை மறுக்கவில்லை. பதின்மூன்று முதல் பதினேழு வயதுக்குட்பட்டவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாக 2015-16ஆம் ஆண்டின் தேசிய மனநல ஆய்வு கண்டது. 2022இல் மட்டும் தமிழ்நாட்டில் 1,416 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கை கூறுகிறது, மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நாட்டிலேயே இரண்டாவது பெரிய எண்ணிக்கை அது. சிக்கல் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் இத்தகைய தீவிரச் சிகிச்சை தேவையில்லை. தேவைப்படும் சிலருக்கு அது இல்லாததுதான் குறை. ஊழியரைப் பற்றி மேலும் ஒன்று: ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்று ஆண்டுதோறும் காத்திருக்கும் ஆலோசகரிடம், ஒரு பிள்ளை மூன்று மாதம் நம்பிக்கையோடு மனம் திறக்க வேண்டும் என்று கேட்கிறோம். மாலைப் பணிக்கெனத் தனிப் பணியிடமும் நிரந்தர ஊதியமும் இல்லாமல், காலையில் புறநோயாளிப் பிரிவைப் பார்த்துக் களைத்தவரையே மாலையிலும் உட்காரச் சொன்னால் இத்திட்டம் ஓராண்டில் படுத்துவிடும்.

நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும் தகுதி பெற்ற ஆலோசகர் ஒருவரையேனும் நியமிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 25 அன்று, விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்து வந்த ஒரு மாணவி இறந்த வழக்கில் நெறிமுறை வகுத்தது. வரவேற்க வேண்டிய தீர்ப்பு. ஆயினும் பள்ளி ஆலோசகரின் வேலை கண்டறிவதும் அனுப்பி வைப்பதுமே. அனுப்பி வைக்க இடம் இல்லாவிட்டால், அவர் கண்டறிந்த பிள்ளை அதே அறைக்கே திரும்பத் திரும்ப வரும். ஆலோசகரும் நாளடைவில் எங்களைப்போல் அறிவுரை சொல்லத் தொடங்கிவிடுவார்.

தனியார் மருத்துவமனைகளை நாடும் நடுத்தரக் குடும்பங்களுக்கும் வழி திறந்திருக்கவில்லை. உடல் நோய்க்கு அளிக்கும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு வழங்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் நம் மருத்துவக் காப்பீடு இருபத்து நான்கு மணி நேரம் படுக்கையில் இருப்பதை மையமாக வைத்து அமைந்தது. டயாலிசிஸ், கீமோதெரபி போன்றவற்றுக்கு இரவு தங்க வேண்டியதில்லை என்று விலக்களித்து, அவற்றைப் பகல்நேரச் சிகிச்சைப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். வாரம் ஒன்பது மணி நேர மனநலச் சிகிச்சைக்கு அந்தப் பட்டியலில் இடம் கொடுக்கக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் முன்வர வேண்டும். இல்லையேல், பணம் கிடைக்கும் என்பதற்காகவே தேவையில்லாத பிள்ளையையும் வார்டில் சேர்க்கும் நிலை தொடரும்.

38 மாவட்டங்களிலும் ஒரே நாளில் நாடா வெட்டித் தொடங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மருத்துவக் கல்லூரி உள்ள ஒரு மாவட்டத்திலும் அது இல்லாத ஒரு மாவட்டத்திலும் முதலில் தொடங்கி, எத்தனை பேர் சேர்ந்தனர், எத்தனை பேர் பாதியில் நின்றனர், ஏன் நின்றனர், ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் பள்ளியில் தொடர்கின்றனர் என்பதைப் பெயர்களை மறைத்து வெளியிட வேண்டும். பாதியில் நின்றவர்களின் கணக்கை விட்டுவிட்டு வெற்றி அறிக்கை தயாரிக்கும் பழக்கம் நம் துறைகளுக்கு உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். முதல் குழு ஜூன் மாதத்தில், பள்ளி திறந்த சில வாரங்களில் தொடங்க வேண்டும். பொதுத்தேர்வு நெருங்கும் பிப்ரவரியில் எந்தப் பெற்றோரும் பிள்ளையை விடமாட்டார்கள், எந்தத் தலைமையாசிரியரும் அனுப்பமாட்டார். அதற்கான நிதியும் மாலைப் பணியிடங்களும் சுகாதாரத் துறையின் வரும் மானியக் கோரிக்கையிலேயே இடம்பெற, சுகாதாரத் துறைச் செயலரும் பள்ளிக் கல்வித் துறைச் செயலரும் இப்போதே கூடிப் பேச வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியை,
கரூர் மாவட்டம்.